வலைப்பதிவையும் வலையொலியையும் வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல ஆசிரியர்களுக்கு எவ்வாறு பயிற்சி அளிப்பது?

கேள்வி: ஆசிரியர் பயிற்றுநர், திருவண்ணாமலை மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். வட்டார வள மையம் ஒன்றில் ஆசிரியர் பயிற்றுநராகப் பணிபுரிகிறேன். 6ஆம் வகுப்பு முதல் 9ஆம் வகுப்பு வரை தமிழும் சமூக அறிவியலும் கற்பிக்கும் ஆசிரியர்கள், வலைப்பதிவையும் பாட்காஸ்ட் எனப்படும் வலையொலியையும் மாணவர்களோடு சேர்ந்து பயன்படுத்துவதற்கான ஒரு நாள் பயிற்சியை வடிவமைக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது.

இதே பொருளில் நான் இதுவரை பார்த்த பயிற்சிகளில் பெரிய வேறுபாடு இல்லை. காலையில் கருத்தாளர் கணக்குத் தொடங்கும் முறையைத் திரையில் காட்டுவார். மதியத்திற்குள் ஒவ்வோர் ஆசிரியரும் கூகுளின் வலைப்பதிவுத் தளமான பிளாகரில் ஒரு முகவரி பெற்று, பக்கத்தின் வண்ணத்தைத் தேர்ந்தெடுத்து, 'வணக்கம், இது என் முதல் பதிவு' என்று எழுதியிருப்பார். மாலையில் அனைவரும் கலைந்துவிடுவோம். அந்த முகவரிகளைப் பின்னர் திறந்து பார்த்தால் முதல் பதிவே கடைசிப் பதிவாகவும் நிற்கிறது. கருவியைக் கையாளத் தெரியாததால் இப்படி ஆகிறது என்று நான் கருதவில்லை. வாட்ஸ்ஆப்பிலும் யூடியூபிலும் புழங்காத ஆசிரியர் இன்று அரிது. 40 பிள்ளைகளும் முடிக்க வேண்டிய பாடப்பகுதியும் கண்முன் இருக்கும்போது, இந்தக் கருவி வகுப்பில் எந்த வேலையைச் செய்யப்போகிறது என்பதை அந்தப் பயிற்சிகள் சொல்லவில்லை என்பதுதான் என் கணிப்பு.

எங்கள் வட்டாரத்தில் சில பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. சிலவற்றில் ஆசிரியரின் கைப்பேசியைத் தவிர வேறொன்றும் இல்லை. பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோரின் கைப்பேசி மாலையில்தான் கையில் கிடைக்கும். ஆசிரியர்களின் அச்சங்களும் நியாயமானவை: பிழையோடு எழுதியதை ஊரே பார்க்குமே என்பது ஒன்று, பெண் பிள்ளைகளின் படமும் குரலும் வெளியே போவது இன்னொன்று. அனுபவம் உள்ளவர்கள், அந்த ஒரு நாளில் எதைச் செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.


மறுமொழி 1: தமிழாசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி, ஈரோடு மாவட்டம்

வணக்கம். உங்கள் கணிப்பு சரி என்றே எனக்கும் தோன்றுகிறது. பயிற்சியில் கணக்குத் தொடங்குவதற்கு அரை மணி நேரத்திற்கு மேல் ஒதுக்காதீர்கள். அதற்கு முன்பாக ஒவ்வோர் ஆசிரியரும் விடை எழுத வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: என் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவதை யார் படிக்கப்போகிறார்கள்? 'உலகமே படிக்கும்' என்பது விடையாகாது. பெயர் சொல்லக்கூடிய ஒரு வகுப்பு, ஒரு பள்ளி, ஒரு ஊர் இருக்க வேண்டும்.

எங்கள் 8ஆம் வகுப்புப் பிள்ளைகள், தூத்துக்குடிப் பக்கத்தில் உப்பளங்களுக்கு அருகில் உள்ள ஒரு பள்ளியின் 8ஆம் வகுப்புக்காக எழுதினார்கள். இவர்கள் மஞ்சள் அறுவடையைப் பற்றி எழுத, அவர்கள் உப்பளத்தைப் பற்றி எழுதினார்கள். எங்கள் மாணவி ஒருத்தி 'தோண்டி எடுத்த மஞ்சளை வேகவைத்துக் காயப்போடுவார்கள்' என்று ஒரே வரியில் முடித்திருந்தாள். அங்கிருந்து 'ஏன் வேகவைக்க வேண்டும், அப்படியே காயவைத்தால் என்ன ஆகும்?' என்று கேள்வி வந்தது. அவளுக்கும் விடை தெரியவில்லை. எனக்கும் முழுமையாகத் தெரியவில்லை. வீட்டில் விசாரித்துக்கொண்டு வந்து, வேகவைத்தால்தான் கிழங்கு சீராகக் காயும், உள்ளே நிறம் ஒன்றுபோல் பரவும், மீண்டும் முளைவிடாது என்று அந்தப் பத்தியை நீட்டி எழுதினாள். 'விரித்து எழுதுக' என்று நான் சிவப்பு மையில் எத்தனை முறை எழுதியிருந்தாலும் அவள் அவ்வளவு எழுதியிருக்க மாட்டாள். இந்த அனுபவத்தைத்தான் பயிற்சியில் ஆசிரியர்கள் பெற வேண்டும்.

இங்கிலாந்தின் போல்டன் நகரத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றிலிருந்து பரவிய குவாட்பிளாகிங் என்ற முறை உங்களுக்கு நேரடியாக உதவும். நான்கு பள்ளிகள் ஓர் அணியாகச் சேரும். ஒவ்வொரு வாரமும் ஒரு பள்ளியின் பதிவுகளை மற்ற மூன்று பள்ளிகளின் பிள்ளைகளும் படித்துக் கருத்து எழுதுவார்கள். நான்கு வாரத்தில் சுற்று முடிந்துவிடும். இதில் எனக்குப் பிடித்தது, அது முடிந்துவிடுகிறது என்பதுதான். முடிவுத் தேதி இல்லாமல் தொடங்கப்படும் வகுப்பு வலைப்பதிவு ஆசிரியருக்குத் தீராத கடனாகிவிடும். உங்கள் வட்டாரத்திலேயே நான்கு பள்ளிகளைச் சேர்த்துவிடலாம். மலைமேல் உள்ள பள்ளியும் ஏரிப்பாசனத்து ஊர்ப் பள்ளியும் ஓர் அணியில் இருந்தால் பிள்ளைகளுக்குக் கேட்க நிறைய இருக்கும்.

அமைப்பைப் பொறுத்தவரை, வகுப்புக்கு ஒரே வலைப்பதிவு போதும். அதன் திறவுகோல் ஆசிரியரிடம் இருக்கட்டும். கூகுள் கணக்கைத் தாமே நிர்வகிக்கப் பிள்ளைகளுக்கு 13 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால், 6ஆம், 7ஆம் வகுப்புகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு என்ற பேச்சே எழக்கூடாது. கருத்துகள் ஆசிரியரின் ஒப்புதலுக்குப் பிறகே வெளியாகும்படி அமைத்துவிட்டால், வேண்டாதவர் எழுதுவது பற்றிய அச்சம் பெரும்பாலும் தீரும்.

தட்டச்சு பற்றி எல்லாரும் கேட்பார்கள். முதலில் குறிப்பேட்டில் எழுதட்டும். பிறகு ஒரு குழு, கைப்பேசியின் குரல்வழித் தட்டச்சில் அதைச் சொல்லி எழுத்தாக்கலாம். அது நிறுத்தற்குறி இல்லாமலும், ழகர ளகரங்களை மாற்றியும், சொற்களைச் சேர்க்க வேண்டிய இடத்தில் பிரித்தும் தரும். அந்த உரையைத் திருத்துவதே ஒரு பாடவேளைக்கு உரிய இலக்கணப் பயிற்சி. பாடநூலில் 'மொழியை ஆள்வோம்' பகுதியில் நாம் செய்யவைப்பதைத்தான் இங்கே பிள்ளைகள் தங்கள் சொந்த உரையின்மீது செய்கிறார்கள். ஆகவே பாடப்பகுதிக்கு வெளியே தனி நேரம் தேட வேண்டியதில்லை.

கருத்து எழுதுவதையும் கற்பித்தாக வேண்டும். விட்டுவிட்டால் 'சூப்பர்', 'அருமை' என்பவற்றைத் தாண்டாது. படித்ததில் தனக்குப் புதிதாக இருந்த ஒன்றும், கேட்க விரும்பும் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் விதித்திருக்கிறேன்.

இன்னொன்று. 2012இல் ஸ்காட்லாந்தில் 9 வயதுச் சிறுமி ஒருத்தி 'நெவர்செகண்ட்ஸ்' என்ற வலைப்பதிவில் தன் பள்ளியின் மதிய உணவைப் பற்றி எழுதிவந்தாள். உணவின் படம், சுவைக்கு இத்தனை மதிப்பெண், உடல்நலத்துக்கு இத்தனை, மொத்தம் எத்தனை கவளம், உணவில் எத்தனை முடி என்று ஒவ்வொரு பதிவிலும் அதே சட்டகம். என்ன எழுதுவது என்ற திகைப்பை அந்தச் சட்டகமே நீக்கிவிட்டது. பயிற்சியில் ஆசிரியர்கள் தங்கள் வகுப்புக்கு ஒரு சட்டகத்தை உருவாக்கிக்கொண்டு போகட்டும். அந்தக் கதையின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுங்கள்: உள்ளாட்சி மன்றம் படம் எடுக்கத் தடை விதித்தது, எதிர்ப்பு வலுக்கவே மறுநாளே விலக்கிக்கொண்டது. பதிவைத் தொடர்ந்து படித்தவர்கள் அளித்த நன்கொடை ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டி, பள்ளிக் குழந்தைகளுக்கு உணவளிக்கும் தொண்டு நிறுவனத்துக்குப் போனது. பிள்ளைகள் உண்மையை எழுதினால் பெரியவர்களுக்குச் சங்கடம் வரலாம் என்பதைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.


மறுமொழி 2: வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பில் இருந்து ஓய்வுபெற்றவன், திருச்சி

வணக்கம். வலையொலி பற்றி மட்டும் சொல்கிறேன். எழுத்து என் துறை அன்று.

ஒலிப்பதிவை ஆர்.எஸ்.எஸ் செய்தியோடை (புதிய பதிவு வந்ததைத் தானாகத் தெரிவிக்கும் இணைய வசதி) வழியாக வெளியிட்டு, சந்தா செய்தவரின் கருவிக்குத் தானாக வந்துசேரச் செய்வதுதான் வலையொலியின் தொழில்நுட்பம். உங்கள் பயிற்சியில் அதை மாலை நான்கு மணிக்குச் சொன்னால் போதும், அல்லது சொல்லாமலே விடலாம். பள்ளியில் அது முதலில் ஒலிக்க வேண்டிய இடம் காலை வழிபாட்டுக் கூட்டத்தின் ஒலிபெருக்கி. அடுத்தது பெற்றோரின் வாட்ஸ்ஆப் குழு. பேச்சை ஒற்றைத் தடத்தில், நொடிக்கு 64 கிலோபிட் அளவில் எம்.பி.3 கோப்பாகச் சேமித்தால் 5 நிமிடப் பதிவு ஏறத்தாழ 2.4 மெகாபைட்தான் வரும். எந்தக் கைப்பேசிக்கும் அது சுமையில்லை. 5 நிமிடமே பிள்ளைகளுக்குப் பெரிது. 3 நிமிடம் என்று வரையறுத்துவிடுங்கள்.

ஒலித்தரத்துக்குக் கருவி வாங்கச் சொல்லாதீர்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வெறுஞ்சுவர் வகுப்பறை எதிரொலிக்கும். தகரக் கூரை இன்னும் மோசம். நூல் அடுக்குகள் உள்ள அறையோ, வேட்டி சேலைகளைக் கொடியில் தொங்கவிட்ட மூலையோ கிடைத்தால் குரல் நன்றாக விழும். கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து, வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், நேரெதிராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால் 'ப' வரும் இடங்களில் காற்று மோதாது. பேசத் தொடங்குமுன் யாரும் பேசாமல் 10 நொடி அறையின் ஓசையை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆடாசிட்டி என்ற கட்டற்ற மென்பொருளில் இரைச்சலைக் குறைக்க அந்த 10 நொடிதான் மாதிரியாகப் பயன்படும். தடுமாறினால் நிறுத்தாமல், ஒரு மூச்சு விட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லப் பழக்கினால், பிறகு வெட்டுவது எளிது.

இவையெல்லாம் அரை மணி நேரப் பாடம். மெய்யான சிக்கல் வேறொன்று. தமிழ் கற்பிப்பவர்களுக்கு அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கட்டுரையை எழுதி அதையே ஒலிவாங்கியின் முன் வாசிப்பார்கள். 'எனது பாட்டி அதிகாலையில் எழுந்து கோலமிடுவார்' என்று வாசிக்கும் குழந்தையின் குரலில் அந்தப் பாட்டி இருக்க மாட்டார். 'எங்க ஆயா விடிகாலையிலயே எழுந்து கோலம் போட்டுடுவாங்க' என்று அதே குழந்தை உங்களிடம் சொல்லும்போது இருப்பார். நம் மொழியில் எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் உள்ள தொலைவு அதிகம் என்பதால், வேறு மொழிக்காரர்களின் வலையொலிக் கையேடுகள் இதற்கு வழி சொல்வதில்லை.

என் முடிவு இது. தொகுத்துப் பேசுபவர், எல்லா வட்டாரத்தாருக்கும் புரிகிற தெளிவான பேச்சுத் தமிழில் பேசட்டும். நேர்காணலில் வருபவர் தம் ஊர்ப் பேச்சில் பேசட்டும். அதைத் திருத்தவே கூடாது. செய்யாறு, வந்தவாசிப் பக்கத்துத் தெருக்கூத்துக் கலைஞரையோ, சவ்வாது மலையில் சாமை பயிரிடும் உழவரையோ, செங்கம் பக்கத்தில் வயலோரம் நடுகல் நிற்கும் நிலத்துக்குரியவரையோ பிள்ளைகள் பேட்டி எடுத்தால், அவர்களின் சொற்களே அந்தப் பதிவின் செல்வம். பேச்சுத் தமிழில் பழகினால் தேர்வில் அப்படியே எழுதிவிடுவார்களே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். அதற்கு வழி முந்தைய மறுமொழியிலேயே இருக்கிறது. பேட்டியை ஒலியாக வெளியிடுங்கள். அதன் செய்தியை எழுத்துத் தமிழில் ஒரு பதிவாக வகுப்பு வலைப்பதிவில் இடுங்கள். ஒரே செய்தியை இரண்டு வழக்கிலும் சொல்லிப் பார்த்த பிள்ளைக்கு எது எங்கே உரியது என்பது தெளிந்துவிடும். காது கேளாத மாணவருக்கு எழுத்தும், பார்வையற்ற மாணவருக்கு ஒலியும் அதே முயற்சியில் கிடைத்துவிடுகின்றன.

பயிற்சியில் ஆசிரியர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் மற்றவரை 3 நிமிடம் பேட்டி எடுக்கட்டும். 'ஆம்', 'இல்லை' என்று விடை வரக்கூடிய கேள்விகளை விலக்கச் சொல்லுங்கள். தன் குரலைத் தானே கேட்கும்போது ஏற்படும் கூச்சத்தை ஆசிரியர் ஒரு முறை அனுபவித்துவிட்டால், வாய் திறக்கத் தயங்கும் பிள்ளையிடம் பொறுமையாக இருப்பார்.


மறுமொழி 3: வழக்கறிஞர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்

பெற்றோரின் பக்கத்திலிருந்து சில சொற்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாத எவரையும் குழந்தையாகவே கொள்கிறது. குழந்தையின் தரவைக் கையாளுவதற்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்பதே அதன் பொதுவிதி. கல்வி நிலையங்களுக்கு உள்ள விலக்குகளைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, எழுத்து வடிவில் ஒப்புதல் பெற்றுவிடுவது ஆசிரியருக்கே பாதுகாப்பு. படிவம் ஒரு பக்கத்துக்குள், எளிய தமிழில் இருக்கட்டும். என்ன வெளியாகும், எங்கே வெளியாகும், எவ்வளவு காலம் இருக்கும், வேண்டாம் என்றால் யாரிடம் சொல்லி நீக்கலாம் என்ற நான்கையும் அதில் சொல்லியாக வேண்டும். ஒப்புதல் தராத வீட்டுப் பிள்ளைக்கு ஒலிப்பதிவு, திருத்தம், கேள்வி தயாரித்தல் ஆகிய பொறுப்புகளைத் தரலாம். அவர் ஒதுக்கப்பட்டதாக உணரக்கூடாது. பேட்டி தரும் பெரியவர்களின் ஒப்புதலையும் பதிவின் தொடக்கத்திலேயே குரலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முழுப்பெயர், முகப்படம், வீட்டுத் தெரு, பள்ளிக்கு வந்து போகும் நேரம் ஆகியவை பதிவில் வேண்டாம். '8ஆம் வகுப்பு மாணவி' என்ற அளவு போதும்.

வலைப்பதிவின் கணக்கு ஆசிரியரின் சொந்த மின்னஞ்சலில் இருக்கக்கூடாது. பணியிட மாறுதல் வந்ததும் அவர் அந்தக் கணக்கோடு வேறு ஊருக்குப் போய்விடுவார்; பிறகு ஒரு பதிவை நீக்கச் சொல்லிப் பெற்றோர் வந்தால் பள்ளியில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பள்ளியின் மின்னஞ்சலில் தொடங்கி, கடவுச்சொல்லைத் தலைமையாசிரியரிடமும் ஒப்படைத்து வையுங்கள்.

பின்னணிக்குத் திரைப்பாடல் சேர்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கற்பித்தலின்போது பயன்படுத்துவதற்குச் சில விலக்குகளைத் தருகிறது என்பதற்காக, அதே பாடலை இணையத்தில் ஏற்றவும் உரிமை உண்டு என்று கொள்ளக்கூடாது. பள்ளி மணியோசையும் பிள்ளைகள் அடிக்கும் பறையும் இருக்கும்போது திரைப்பாடல் எதற்கு? வாசிப்பதற்குப் பாரதியார், பாரதிதாசன் போன்று நாட்டுடைமையாக்கப்பட்டவர்களின் எழுத்து இருக்கிறது.


மறுமொழி 4: கணித ஆசிரியர், நடுநிலைப் பள்ளி, கடலூர் மாவட்டம்

எனக்கு ஓர் ஐயம். இப்படிப்பட்ட செயல்பாடுகளில் ஏற்கெனவே நன்றாகப் பேசும், எழுதும் ஐந்தாறு பிள்ளைகளே திரும்பத் திரும்ப முன்னால் வருகிறார்கள். ஆண்டு விழாவில் நடப்பதுதான் இங்கும் நடக்கும். வாசிக்கவே தடுமாறும் பிள்ளைக்கு இதனால் என்ன பயன் என்று பயிற்சியில் நிச்சயம் யாராவது கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.


மறுமொழி 5: தமிழாசிரியை, ஈரோடு மாவட்டம்

கணித ஆசிரியரின் ஐயம் சரியானது. சிறந்தவற்றைத் தேர்ந்தெடுத்து வெளியிடுவது என்ற முறையைக் கைக்கொண்டால் அவர் சொல்வதே நடக்கும். நான் நான்கு பேர் குழுவாகப் பிரித்து, கேள்வி கேட்பவர், பதிவு செய்பவர், எழுத்தாக்குபவர், திருத்துபவர் என்ற பொறுப்புகளை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றிவிடுகிறேன். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு ஒலிப்பதிவில் ஒரு நன்மை உண்டு: வகுப்பில் எல்லார் முன்னும் ஒரே முறை வாசித்துத் தோற்பதற்குப் பதிலாக, தனியாக எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லிப் பார்த்து, தனக்கு நிறைவானதைத் தரலாம். ஆனால் எழுத்தே தெரியாத நிலையில் உள்ள பிள்ளைக்கு இது மருந்தாகாது. அவர்களுக்கான அடிப்படை வாசிப்புப் பயிற்சி தனியே நடந்தாக வேண்டும்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி: ஆசிரியர் பயிற்றுநர், திருவண்ணாமலை மாவட்டம்

அனைவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னவற்றிலிருந்து என் திட்டத்தை முழுவதும் மாற்றிவிட்டேன். காலையில் இருவர் இருவராகப் பேட்டி. அதைக் கேட்டு எழுத்துத் தமிழில் ஒரு பத்தி. அந்தப் பத்தியை வேறொரு குழு படித்துக் கேள்வி எழுப்ப, மீண்டும் திருத்தம். மதியத்திற்குப் பிறகு சட்டகம் உருவாக்குதல், ஒப்புதல் படிவம், கணக்குத் தொடங்குதல். மாலையில் நான்கு பள்ளிகள் கொண்ட அணிகளைப் பிரித்துத் தேதி குறித்துவிட்டே அனுப்புவேன்.

எஞ்சியிருப்பவை இரண்டு. இதை வளரறி மதிப்பீட்டுச் (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீட்டுச்) செயல்பாடாகக் கொண்டு மதிப்பெண் தரலாமா? பயிற்சி முடிந்த பிறகு என் பங்கு என்னவாக இருக்க வேண்டும்?


மறுமொழி 6: தமிழாசிரியை, ஈரோடு மாவட்டம்

மதிப்பெண் தரலாம், ஆனால் வெளியான பதிவுக்குத் தராதீர்கள். அதில் ஆசிரியரின் கையும் வீட்டாரின் கையும் கலந்திருக்கும். முதல் வரைவுக்கும் இரண்டாம் வரைவுக்கும் இடையில் பிள்ளை என்ன மாற்றினார், பிறர் கேட்ட கேள்விக்கு என்ன விடை தேடினார் என்பதைக் குறிப்பேட்டைப் பார்த்து மதிப்பிடலாம். ஒலிப்பதிவின் மெருகுக்கு மதிப்பெண் வைத்தால் நல்ல கைப்பேசி உள்ள வீட்டுப் பிள்ளைக்கே அது போய்ச்சேரும்.

உங்கள் பங்கு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பயிற்சியானாலும் அதற்குப் பிந்தைய முதல் மூன்று வாரங்களில் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் அது அடங்கிவிடுகிறது. பள்ளிப் பார்வைக்குப் போகும்போது 'வலைப்பதிவு தொடங்கியாயிற்றா?' என்று ஆய்வு போலக் கேட்காமல், வகுப்பில் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளின் பதிவைப் படித்து, நீங்களே ஒரு கேள்வி எழுதிவிட்டு வாருங்கள். சுற்றுகளை ஆகஸ்டு இறுதிக்குள் முடியும்படி வையுங்கள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால் எந்த ஆசிரியரும் இதைத் தொட மாட்டார். ஏதேனும் ஒரு பள்ளி பாதியில் விலகினால் அந்த அணியை மூன்று பள்ளிகளோடு அப்படியே தொடரவிடுங்கள். நடுவில் புதிய பள்ளியைச் சேர்த்தால் அந்தப் பிள்ளைகளுக்கு முன்கதை தெரியாது. எங்கள் பள்ளியில் பயன்படுத்தும் ஒப்புதல் படிவத்தின் மாதிரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்; வழக்கறிஞர் அவர்கள் சொன்ன நான்கில், நீக்கச் சொல்லும் வழி மட்டும் அதில் இல்லை. அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.